திரையில் மைனஸ் 22, பெட்டிக்குள் மைனஸ் 14

கேள்வி: தானியங்கிக் குளிர்கிடங்கு ஒன்றில் வெப்பநிலைக்குப் பொறுப்பாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. ஒரே கூரையின் கீழ் இரண்டு அறைகள். ஒன்று 2 டிகிரி சில்லர், இன்னொன்று மைனஸ் 22 டிகிரி ஃப்ரீசர். உள்ளே கிரேனும், ரேக்குகளுக்குள் சரக்கைச் சுமந்து போகும் ஷட்டில் வண்டியும்தான் ஓடுகின்றன. ஆள் போவது அபூர்வம். கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஃப்ரீசர் எப்போது பார்த்தாலும் மைனஸ் 22 என்றே காட்டுகிறது. ஆனால் இரண்டு மாதத்தில் மூன்று லோடு திரும்பி வந்துவிட்டது. பெட்டிக்குள் மைனஸ் 14 இருந்ததாம், பாக்கெட்டுக்குள் பனித்தூள் இருந்ததாம். சரக்கு உள்ளே வந்து வெளியே போகும் கன்வேயர் வாயில் பனி கட்டுகிறது. அங்குள்ள சென்சார்கள் தவறாகக் காட்டி லைன் அடிக்கடி நிற்கிறது. சில்லரில் மேல் அடுக்குகளில் 6 டிகிரி வருகிறது. மேலாளர் ஃப்ரீசரின் செட் பாயிண்டை, அதாவது அறைக்கு நாம் குறித்துவைக்கும் வெப்பநிலையை, மைனஸ் 26க்கு இறக்கச் சொல்கிறார். இறக்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, இப்போதைக்கு இறக்க வேண்டாம். நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கும் பனி, லைன் நிற்பது, திரும்பி வந்த லோடு மூன்றும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த இடம் கன்வேயர் வாய். செட் பாயிண்டை எவ்வளவு இறக்கினாலும் அந்த வாயில் நடப்பது சரியாகாது.

மேலாளர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. சரக்கு 4 டிகிரி கூடுதல் குளிரோடு கிளம்பினால், வழியில் சூடேறுவதற்கு அவ்வளவு கையிருப்பு கிடைக்கும். ஆனால் அதற்கான செலவையும் பாருங்கள். அறைக்காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருளான காயிலின் வெப்பநிலையை ஒவ்வொரு டிகிரி இறக்கும்போதும் கம்ப்ரசரின் மின்சாரம் சுமார் 2 முதல் 3 சதவீதம் கூடும். உள்ளே குளிர் கூடக்கூட வெளிக்காற்றோடு அடர்த்தி வித்தியாசமும் கூடும், திறப்பு வழியாக வெளிக்காற்று இன்னும் வேகமாக உள்ளே புகும். பனி கட்டுவது குறையாது, கூடத்தான் செய்யும்.

முதலில் அந்த மைனஸ் 22 எதன் வெப்பநிலை என்று பார்த்துவிடுவோம். பெரும்பாலான கிடங்குகளில் திரைக்கு வருவது எவாப்பரேட்டருக்கு, அதாவது அந்தக் காயிலும் மின்விசிறியும் சேர்ந்த கருவிக்கு, திரும்பிப் போகும் காற்றின் வெப்பநிலை. அறை முழுவதும் சுற்றிக் கலந்து வந்த காற்று அது, ஒரு சராசரி. ஏதோ ஒரு மூலை மைனஸ் 17ல் இருந்தாலும் அதில் தெரியாது. சரக்கின் வெப்பநிலை என்பது வேறு விஷயம். உறைந்த சரக்குப் பெட்டிகளை அடுக்கிய ஒரு பாலெட்டின் நடுப்பகுதி காற்றைவிட மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் பின்தங்கித்தான் மாறும். வெளி மூலையில் இருக்கும் பெட்டியோ சில நிமிடங்களிலேயே மாறத் தொடங்கிவிடும். பெறுபவர் திறந்து பார்ப்பது அநேகமாக அந்த மூலைப் பெட்டியைத்தான். அதனால் உங்கள் மைனஸ் 22, அவர்களுடைய மைனஸ் 14 இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

இப்போது கன்வேயர் வாய்க்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன் உங்கள் கிடங்கு போன்ற ஓரிடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். திரையில் எல்லாமே பச்சை. ஃப்ரீசரின் கன்வேயர் வாயருகே போய் டார்ச் அடித்தேன். வெளிச்சக் கற்றையில் மாவு சலித்தாற்போலப் பனித்துகள் மிதந்துகொண்டிருந்தது. உருளைகளின் மேல் வெள்ளைப் படிவு. ஒளிக்கற்றை மறைவதை வைத்துச் சரக்கைக் கண்டறியும் ஃபோட்டோ சென்சாரின் கண்ணாடியில் மெல்லிய பனித்தோல். பக்கத்தில் ஒரு துணி தொங்கியது. மணிக்கொரு தடவை யாராவது வந்து துடைப்பார்களாம். துடைத்த ஈரம் அடுத்த நிமிடமே கண்ணாடிப் பனிக்கட்டியாக இறுகி, சென்சார் முன்னைவிட மோசமாகக் குருடாகியிருந்தது.

அதற்கப்புறம் நடந்ததைக் கதவருகிலேயே நின்று பார்த்தேன். சென்சாருக்குப் பாதை அடைபட்டதாகத் தோன்றுகிறது. லைன் நிற்கிறது. ஒரு பாலெட் பாதி உள்ளே, பாதி வெளியே. பாலெட் நடுவில் இருப்பதால் வேகக் கதவு இறங்க முடியாது. கதவு திறந்தே கிடப்பதால் ஈரக்காற்று உள்ளே பாய்கிறது. அந்த ஈரம் பனியாகி அதே சென்சார்மேல் போய் உட்காருகிறது. லைனை மறுபடி ஓட்டினால் பத்து நிமிடத்தில் மறுபடி நிற்கிறது. ஆள் வேலை செய்யும் கிடங்கில் யாராவது ஒருவர் எரிச்சல்பட்டு அந்தப் பாலெட்டைத் தள்ளிவிட்டுக் கதவை மூடியிருப்பார். தானியங்கிக் கிடங்கில் அந்த எரிச்சல்படும் மனிதர் இல்லை. இயந்திரக் கோளாறும் வெப்பநிலைக் கோளாறும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. பராமரிப்புக் குழு அதைச் சென்சார் பழுது என்று எழுதும், குளிர்பதனக் குழு பனி அதிகம் என்று எழுதும். இரண்டு பதிவேட்டையும் சேர்த்து யாரும் படிப்பதில்லை. உங்கள் கிடங்கிலும் அப்படித்தானா என்று பாருங்கள்.

ஈரம் எவ்வளவு வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு. 30 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். மைனஸ் 22ல் காற்று தாங்கக்கூடியது ஒரு கிராம்கூட இல்லை. 100 கன மீட்டர் வெளிக்காற்று உள்ளே வந்தால் ஏறக்குறைய 2 கிலோ தண்ணீர் பனியாக எங்காவது படிந்தே ஆக வேண்டும். ஆளுயரத் திறப்பு ஒன்று தடுப்பில்லாமல் கிடந்தால் 100 கன மீட்டர் நுழைய ஓரிரு நிமிடம் போதும். அதே காற்று, ஃப்ரீசருக்கும் வெளிப்புறத்துக்கும் இடையில் 3 டிகிரியில் இருக்கும் முன்னறையிலிருந்து, 80 சதவீத ஈரப்பதத்தோடு வந்தால் கன மீட்டருக்கு 5 கிராமுக்கும் குறைவு. சரக்கு நேராக வெளியே போகாமல் குளிர்ந்த முன்னறை வழியாகப் போக வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். முன்னறையில் ஈரம் உறிஞ்சும் உலர்த்தி வைத்தால் இன்னும் குறையும். குளிர்ச்சிக்குப் போடும் பணத்தில் ஒரு பகுதியை உலர்த்திக்குப் போடுவது பெரும்பாலும் லாபம்தான் என்பது என் அனுபவம்.

நாளைக் காலை ஒரு மெல்லிய நூலை ஒரு குச்சியில் கட்டி எடுத்துக்கொண்டு கன்வேயர் வாய்க்குப் போங்கள். கதவு மூடியிருக்கும்போது அடிப்பகுதியில் பிடித்துப் பாருங்கள், பிறகு மேல்பகுதியில் பிடியுங்கள். கனமான குளிர்காற்று கீழே வெளியேறும், லேசான வெளிக்காற்று மேலே உள்ளே நுழையும். நூல் இரண்டு இடத்திலும் எதிரெதிர்த் திசையில் சாய்ந்தால் கதவு மூடியும் மூடவில்லை என்று அர்த்தம். கன்வேயர் சட்டத்தைச் சுற்றியும் கதவின் கீழ் ரப்பரிலும் இரண்டு விரல் அகல இடைவெளி சாதாரணமாக இருக்கும். குளிரில் ரப்பர் விறைத்துச் சுருங்கிவிடுகிறது. நான் சொன்ன கிடங்கில் அந்த இடைவெளியை அடைத்ததும், சென்சார் கண்ணாடிகளுக்குச் சிறிய ஹீட்டர் வைத்ததும்தான் முதல் வார வேலை. கம்ப்ரசரைத் தொடவே இல்லை.

அடுத்தது கட்டுப்பாட்டு நிரலில் செய்ய வேண்டியது. முன்னறையின் இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. இது பல இடங்களில் காகிதத்தில் இருக்கும், ஆனால் நெரிசலான ஒரு நாளில் யாரோ அந்தத் தடையை எடுத்துவிட்டிருப்பார்கள். நேரில் சோதியுங்கள். கதவைத் தாண்டி அந்தப் பக்கம் இடம் காலியாக இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் பாலெட் வாசலுக்குள் கால் வைக்க வேண்டும். இந்த ஒரு விதி இருந்தால் பாதியில் நிற்கும் பாலெட்டுகள் பெருமளவு குறையும். அப்படியும் நின்றால், கதவு திறந்து கிடக்கும் நேரத்துக்கு ஒரு தனி அலாரம் வையுங்கள். லைன் நின்றதற்கான அலாரம் வேறு, இது வேறு. இதைக் குளிர்பதனக் குழுவின் கைப்பேசிக்கும் அனுப்புங்கள்.

சரி, திரும்பி வந்த லோடுகள். தானியங்கிக் கிடங்கு நமக்குத் தரும் பெரிய உதவி அதன் ஞாபகம். ஒவ்வொரு பாலெட்டும் எப்போது வந்தது, எந்த ரேக்கில் இருந்தது, எப்போது எடுக்கப்பட்டது, வாகனத்தில் எப்போது ஏறியது எல்லாம் மென்பொருளில் இருக்கிறது. அந்த மூன்று லோடுகளின் வரலாற்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரேக்கை விட்டு வெளியே வந்த நேரத்துக்கும் வாகனக் கதவு மூடிய நேரத்துக்கும் இடையில் எவ்வளவு? மென்பொருள் கிரேனின் பயணத்தை மிச்சப்படுத்தத்தான் முதலில் எழுதப்பட்டிருக்கும். வசதியாக இருக்கும்போதே அடுத்த வாகனத்தின் சரக்கை எடுத்து முன்னறையில் வரிசைகட்டிவிடும். முன்னறை 3 டிகிரி. சில்லர் சரக்குக்கு அது சொர்க்கம், உறைந்த சரக்குக்கு அடுப்படி. வாகனம் தாமதமானால் அங்கேயே நிற்கும். ஆகவே ஒவ்வொரு உறைந்த பாலெட்டுக்கும் குளிரை விட்டு வெளியே நின்ற நேரத்தை எண்ணும் ஒரு கடிகாரத்தை மென்பொருளில் கேட்டு வாங்குங்கள். எல்லை தாண்டினால் பாலெட் தானாகவே ஃப்ரீசருக்குத் திரும்ப வேண்டும். வாகனம் வந்து, அதன் பெட்டி குளிர்ந்திருப்பதை ஒருவர் பார்த்து உறுதிசெய்த பிறகே ரேக்கிலிருந்து அழைக்க வேண்டும். வாகனத்தின் குளிர்க்கருவி குளிரைக் காப்பாற்றுவதற்காகச் செய்தது, சூடேறிய சரக்கை மறுபடி உறையவைக்க அதற்குச் சக்தி கிடையாது.

அந்த எல்லை எத்தனை நிமிடம் என்று நான் ஒரு எண்ணைச் சொன்னால் அது தவறாகிவிடும். பெட்டியின் அளவு, சுற்றிய பிளாஸ்டிக், சரக்கின் வகை எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. நீங்களே கண்டுபிடியுங்கள். விற்பனைக்கு இல்லாத ஒரு பாலெட்டின் மேல் மூலைப் பெட்டியில் உறைந்த பொருளுக்குள் குளிரவைத்த துளைக்கருவியால் துளையிட்டு, வெப்பநிலையைத் தானே பதிந்துகொள்ளும் டேட்டா லாகரின் முனையைச் செருகுங்கள். இன்னொன்றை நடுப்பெட்டியில் வையுங்கள். பாலெட்டை முன்னறையில் நிறுத்திவிட்டு, மூலைப் பெட்டி மைனஸ் 18ஐ எட்டும் நேரத்தைக் குறியுங்கள். அதில் பாதியை எல்லையாக வைப்பது என் வழக்கம். மைனஸ் 18 என்பது சர்வதேச உணவுத் தரங்கள் உறைந்த உணவுக்கு ஏற்றுக்கொண்ட கோடு, ஃபாரன்ஹீட்டில் ஏறக்குறைய பூஜ்யம். தொடாமலே வெப்பநிலை அளக்கும் இன்ஃப்ராரெட் கன்னை மட்டும் நம்பாதீர்கள். அது மேல்தோலைத்தான் பார்க்கிறது, பளபளப்பான உறைமேல் சுத்தமாகத் தவறும்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். அந்தச் சரக்கு உங்களிடம் வரும்போதே மைனஸ் 13ல் வந்திருந்தால்? பார்கோடு சரியாக இருந்து, எடையும் உயரமும் பொருந்தினால் இயந்திரம் எதையும் உள்ளே எடுத்துக்கொள்ளும். சேமிப்பு அறை உறையவைக்கும் அறை இல்லை. இறுக்கமாகச் சுற்றிய பாலெட் ஒன்று சூடாக உள்ளே போனால், மைனஸ் 22 காற்றில் அதன் நடுப்பகுதி இறங்க நாள்கணக்கு ஆகலாம். அதற்குள் வேறொரு ஆர்டரில் வெளியேயும் போய்விடும். வரும் வாகனத்தில் கதவருகே, நடுவில், உட்கோடியில் என்று சில பெட்டிகளை ஆளே அளந்து, அந்த எண் மென்பொருளில் பதிவானால்தான் பாலெட் உள்ளே போகலாம் என்று வையுங்கள். இந்த ஒரு இடத்தில் மனிதக் கையை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பாக்கெட்டுக்குள் பனித்தூள் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குக் கொஞ்சம் கவலை தருகிறது. ஒரு தடவை சூடேறி ஒரு தடவை குளிர்ந்ததால் மட்டும் அவ்வளவு சேர்வது குறைவு. வெப்பநிலை திரும்பத் திரும்ப ஏறி இறங்கும்போது, பொருளிலுள்ள ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி உறையின் உட்பக்கத்தில் பனியாகப் படிகிறது. பொருளுக்குள்ளும் சிறிய பனிப் படிகங்கள் கரைந்து பெரியவற்றோடு சேர்கின்றன, சாப்பிடும்போது சொரசொரப்பாகத் தெரிவது அதுதான். எனவே அந்தப் பாலெட்டுகள் எந்த ரேக்கில் எத்தனை நாள் இருந்தன என்று பாருங்கள். எவாப்பரேட்டருக்கு நேர் எதிரிலோ, கன்வேயர் வாய்க்கு மேலிருக்கும் அடுக்கிலோ இருந்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

எவாப்பரேட்டருக்கு எதிரில் என்றால் டீஃப்ராஸ்ட், அதாவது காயிலில் படிந்த பனியைச் சூடாக்கி உருக்குவது, எப்படி நடக்கிறது என்று கவனிக்க வேண்டும். கடிகாரப்படி இத்தனை மணிக்கொரு தடவை என்று வைத்திருந்தால், பனி இல்லாதபோதும் காயிலைச் சூடாக்கிக்கொண்டிருப்பீர்கள், பனி மண்டும்போது போதாமல் போகும். காயிலின் வெப்பநிலையைப் பார்த்து முடிக்கும்படி வையுங்கள். முடிந்தவுடன் மின்விசிறி ஓடக் கூடாது. காயில் மறுபடி குளிர்ந்து, ஒட்டியிருக்கும் துளிகள் உறைந்த பிறகே ஓட வேண்டும். இல்லையென்றால் அந்த வெதுவெதுப்பும் துளியும் நேராக எதிர் ரேக்கில் போய் விழும். எல்லாக் காயிலும் ஒரே நேரத்தில் டீஃப்ராஸ்ட்டுக்குப் போகாதபடி முறை மாற்றுங்கள். டீஃப்ராஸ்ட் நேரத்தில் காயிலருகே உள்ள சென்சார் பொய் அலாரம் அடிக்கும். அதைத் தவிர்க்க யாராவது அலாரத் தாமதத்தை ஒரு மணி நேரமாக்கி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். நிஜமான கோளாறும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

சில்லரின் மேல் அடுக்கு 6 டிகிரி என்பது தனிக் கதை, இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஃப்ரீசரில் தவறினால் தரம் கெடும், சில்லரில் தவறினால் ஆளுக்கு நோய் வரலாம். லிஸ்டீரியா என்ற கிருமி பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரிலும் மெதுவாக வளரக்கூடியது. 2 டிகிரிக்கும் 6 டிகிரிக்கும் அதன் வேகத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. உயரமான அறையில் சூடான காற்று மேலே தங்கும், கூரையில் வெயில் படும், அதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் பதிவில் அந்த 6 டிகிரி எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் என்றால், காரணம் வேறு. கிரேனும் ஷட்டிலும் ஓடும்போது அவையே காற்றைக் கலக்கிவிடுகின்றன. அவை நின்று, அறை குளிர்ந்துவிட்டது என்று மின்விசிறியும் நின்றால் காற்று அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மின்விசிறியை முழுக்க நிறுத்தாமல் குறைந்த வேகத்தில் ஓடவிட்டாலே பெரும்பாலும் சரியாகும். அப்புறம் கீழே காற்று வீசும் வாய்க்கு நேர் எதிரில் இருக்கும் சரக்கையும் பாருங்கள். அறை 2 டிகிரி என்றாலும் காயிலை விட்டு வரும் காற்று பூஜ்யத்துக்குக் கீழே இருக்கலாம். அங்கே கீரை வகைகள் இருந்தால் உறைந்து கருகிவிடும்.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டுமானால் ஒரு வாரம் வெப்பநிலை வரைபடம் எடுங்கள். சரக்கு நிறைந்த நிலையில் மேல், நடு, கீழ் அடுக்குகளிலும் மூலைகளிலும் கன்வேயர் வாயருகிலும் டேட்டா லாகர்களை வையுங்கள். நல்ல வழி, ஒரு காலிப் பாலெட்டில் லாகரைக் கட்டிக் கிரேனிடமே கொடுத்து அந்தந்த இடத்தில் வைக்கச் சொல்வதுதான். ஆள் உள்ளே ஏற வேண்டாம். வைப்பதற்கு முன் எல்லா லாகர்களையும் நொறுக்கிய பனிக்கட்டியும் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீரும் கலந்த பாத்திரத்தில் சேர்த்து வைத்துப் பூஜ்யம் காட்டுகின்றனவா என்று பாருங்கள். மைனஸ் பக்கத்துக்குச் சான்றளித்த கருவியோடு ஒப்பிட வேண்டும்.

ஆள் உள்ளே போவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தீத்தடுப்புக்காகச் சில தானியங்கி ஃப்ரீசர்களில் காற்றின் ஆக்சிஜனைச் சுமார் 15 முதல் 17 சதவீதத்துக்குக் குறைத்து வைப்பார்கள். உங்கள் கிடங்கு அப்படியா என்று தெரிந்துகொள்ளாமல், சென்சார் துடைக்க என்று யாரையும் தனியாக உள்ளே அனுப்பாதீர்கள். பழுதான ஷட்டிலை வெளியே கொண்டுவரும்போதும் ஒரு கவனம் தேவை. உள்ளே இருக்கும்போதே அதன் மின்னணுப் பெட்டியைப் பிளாஸ்டிக் உறையால் மூடிக் கட்டிவிடுங்கள். வெளிக்காற்றின் ஈரம் உறையின்மேல் வியர்க்கும், உள்ளிருக்கும் மின்னணுப் பலகையின்மேல் வியர்க்காது. முழுவதும் அறையின் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழ் சார்ஜ் செய்ய விடாதீர்கள்.

மேலாளரிடம் வெறுமனே முடியாது என்று சொல்ல வேண்டாம். இரண்டு வாரம் கேளுங்கள். முதல் வாரம் வாயை அடைத்து, கதவு திறந்து கிடந்த நிமிடங்களையும் லைன் நின்ற தடவைகளையும் ஒரே தாளில் எழுதுங்கள். இரண்டாவது வாரம் மூலைப் பெட்டிச் சோதனையையும் வரைபடத்தையும் முடியுங்கள். அந்தத் தாளை அவர் மேசையில் வையுங்கள். ரேக்கில் உட்கார்ந்திருக்கும் சரக்கே மைனஸ் 18ஐ ஒட்டி இருப்பதாக வரைபடம் காட்டினால், முதலில் அந்த மூலைக்குக் காற்று போகாமல் எது தடுக்கிறது என்று பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் செட் பாயிண்டை ஒரு டிகிரி இறக்கி, ஒரு வாரம் பொறுத்து மறுபடி அளக்கலாம். நூல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை மட்டும் நாளைக்கே எனக்கு எழுதுங்கள்.